கல்லூரிக்குப் போகும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 48 குறிப்புகள்

காலிப்பர் போட்டுக்கொண்டு திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். என் அக்கா மகன் பார்வையில்லாமலே சென்னையில் எம்.ஏ. முடித்தான். காது கேளாத பக்கத்து வீட்டுப் பெண் இப்போது பி.காம். படிக்கிறாள். விடுதிக்குப் போன முதல் வாரம், ஒரு கையில் கட்டையை ஊன்றிக்கொண்டு வாளித் தண்ணீரை அறைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லித்தர எனக்கு ஆளில்லை. மூன்று வீட்டிலும் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நம் உடம்பில் ஒரு நாளைக்கு இருக்கிற தெம்பு இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் படியேறுவதிலும் வரிசையில் நிற்பதிலும் கரைத்துவிடாமல் படிப்புக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாமே அதற்காகத்தான்.

சேரும் முன்பே

1. மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லையென்றால், ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை, உதவித்தொகை என்று எதற்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கவுன்சிலிங் நேரத்தில் ஓடினால் மருத்துவமனை வரிசையிலேயே நாள் போய்விடும்.

2. மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டையும் ஒரே நாளில் இருபது ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். தெளிவாக ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால், எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் எடுத்துக்கொள்ளலாம்.

3. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் நமக்கு உண்டு; வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறந்துவிடாதீர்கள், பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

4. கல்லூரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். முதலில் பார்க்க வேண்டியது கழிவறை. பிறகு வகுப்பறை, கேன்டீன், நூலகம். நம் காலால் நடந்தோ நம் வண்டியில் உருண்டோ போய்ப் பார்த்தால்தான் தூரம் புரியும்.

5. வீல்சேர்க்காரர்கள் ஒரு டேப்பை எடுத்துப் போங்கள். உங்கள் வண்டியின் அகலம், விடுதிக் கதவின் அகலம், குளியலறைக் கதவின் அகலம் மூன்றையும் அளந்துவிட்டால் பிறகு ஏமாற்றம் இல்லை.

6. சாய்தளம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, சரிவையும் பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் தனியாக ஏற முடியும். செங்குத்தாக இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து.

7. காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியிலேயே பாடம் வேண்டுமென்றால் தனி வகுப்பு உள்ள கல்லூரிகளை முதலில் விசாரியுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. இருக்கிறது. ஒரே மொழி பேசும் கூட்டம் கிடைத்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

விடுதி அறையில்

8. தரைத்தள அறை, அதிலும் கழிவறைக்குப் பக்கத்து அறை வேண்டும் என்று சேர்க்கை நாளிலேயே வார்டனுக்கு எழுதிக் கொடுங்கள். அட்டையின் ஜெராக்ஸை இணைத்து, நகலில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது அடுத்த வாரம் மறந்துபோகும்.

9. இரு கையிலும் கட்டை வைத்து நடப்பவர்கள் சாவி, அடையாள அட்டை, போன் மூன்றையும் கழுத்துப் பட்டையில் மாட்டிவிடுங்கள். தோளில் குறுக்காகப் போடும் சின்னத் துணிப்பை ஒன்று போதும். முதுகுப்பையைவிட எடுக்க வைக்கச் சுலபம்.

10. கட்டிலைப் பிளக் பாயின்ட் பக்கம் நகர்த்திப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை கட்டில் காலில் கட்டிவிடுங்கள். ராத்திரி போனுக்குச் சார்ஜ் போட எழுந்து நடக்கும் வேலை மிச்சம்.

11. வாளியைத் தூக்கவே வேண்டாம். கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கிற சக்கரத் தட்டை வாங்கி, அதன்மேல் வாளியை வைத்து, ஒரு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள். முக்கால் வாளிக்கு மேல் நிரப்பாதீர்கள், சிந்தினால் நம் கட்டைதான் வழுக்கும்.

12. குளிக்க, முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலியைவிட, அடியில் ரப்பர் உள்ள உறுதியான ஸ்டூல்தான் நல்லது. இருக்கையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் தேங்காது. கீழே ரப்பர் மேட் ஒன்று போட்டுவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கும் நிம்மதி.

13. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறதா? அதன்மேல் வைத்து உட்காரும் கமோடு ஸ்டூல் மருந்து உபகரணக் கடைகளில் கிடைக்கும். மடக்கும் ரகமாக வாங்கினால் விடுமுறைக்கு ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

14. பார்வையில்லாதவர்கள் பாட்டில்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்: ஷாம்புவுக்கு ஒன்று, தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு, தரை கழுவும் திரவத்துக்கு மூன்று. யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.

15. சுடிதார், பேன்ட், துப்பட்டா மூன்றையும் துவைத்து மடிக்கும்போதே ஒரே பையில் ஜோடியாகப் போட்டுவிடுங்கள். ஒரே துணி வகையில் இரண்டு நிறம் இருந்தால், ஒன்றின் லேபிளில் ஒரு முடிச்சுத் தையல் போதும். காலையில் நிறம் தேடும் பத்து நிமிடம் மிச்சம்.

16. ஜீன்ஸ், கனமான பெட்ஷீட் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பிழிய எளிதான, சீக்கிரம் காயும் மெல்லிய துணிகளைக் கொண்டுபோனால் ஒரு கையாலும் துவைத்துவிடலாம்.

17. மெஸ்ஸில் தட்டோடு நடப்பது கஷ்டம் என்றால் இரண்டடுக்கு டிபன் கேரியர் வாங்கிவிடுங்கள். சாம்பார் சிந்தாது, கைப்பிடியைப் பையில் மாட்டலாம். வீல்சேரில் மடியில் தட்டு வைப்பவர்கள், அடியில் ஈரத் துணி விரித்தால் தட்டு நழுவாது.

18. காது கேளாதவர்கள் போனை அதிர்வில் வைத்துத் தலையணை உறைக்குள் போட்டுப் படுத்தால் அலாரம் தப்பாது. கதவைத் தட்டுவதற்குப் பதில் லைட் சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைக்கும்படி அறைத் தோழிகளிடம் சொல்லி வையுங்கள். தீ, புயல் என்றால் யார் வந்து எழுப்புவது என்பதையும் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

வகுப்பில்

19. கால அட்டவணை வந்த அன்றே பாருங்கள். உங்கள் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தால், கீழே மாற்றித் தரும்படி துறைத்தலைவருக்கு எழுதுங்கள். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் மாற்றுவது எளிது. நடுவில் கேட்டால் இழுத்தடிப்பு.

20. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டில் கூட்டம் சேரும் முன் இறங்கிவிட்டால், விழுவோமோ என்ற பயமில்லை.

21. உதடு பார்த்துப் புரிந்துகொள்பவர்கள் முன் வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். ஆசிரியர் முகமும் தெரியும், திரும்பினால் தோழிகள் முகமும் தெரியும். ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். அந்தத் திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள்.

22. ஆண்ட்ராய்டு போனில் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி பேச்சைத் தமிழிலும் எழுத்தாக்கித் தரும், காசு கிடையாது. போனை உங்கள் மேசையில் வைக்காமல் ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டால் எழுத்து இன்னும் துல்லியமாக வரும். பாடச் சொற்களில் தப்பு விழும், சாயங்காலம் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

23. கையெழுத்து அழகாக உள்ள தோழிக்கு ஒரு கார்பன் பேப்பர் வாங்கிக் கொடுங்கள். அவள் எழுத எழுத உங்களுக்கும் ஒரு பிரதி தயார். ஜெராக்ஸ் செலவும் மிச்சம், நோட்டை இரவல் கேட்கும் சங்கடமும் இல்லை.

24. ஒலிப்பதிவு செய்பவர்கள் முதல் வரியாகத் தேதியையும் பாடத்தையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும்படி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். வகுப்பு முழுவதற்குமே அது உதவும்.

25. தடிப் புத்தகத்தை முழுதாகச் சுமக்காதீர்கள். அலகு வாரியாகப் பிரித்து ஸ்பைரல் போட்டுவிட்டால், அன்றைக்கு நடக்கும் பாடம் மட்டும் பையில் இருக்கும். தோள்வலிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

26. பார்வையில்லாதவர்கள் கம்ப்யூட்டருக்குத் திரைவாசிப்பான் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கியது அது.

27. தமிழ்ப் பாடக்குறிப்பை யூனிகோடில் தட்டித் தரும்படி கேளுங்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டியிருந்தால், திரைவாசிப்பானுக்கு அது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ ஆகத்தான் இருக்கும். பழைய கோப்பு கைக்கு வந்தால் இணையத்தில் உள்ள இலவச எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

28. ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தில், அச்சு வாசிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற வடிவில் புத்தகங்கள் இருக்கின்றன. இல்லாத பாடநூலை ஸ்கேன் செய்து நம் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது, பயப்பட வேண்டாம்.

29. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பகுதியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மதுரைப் பிள்ளைகளுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களும் அங்கேதான் கிடைப்பார்கள்.

தேர்வு நேரத்தில்

30. சொல்வதை எழுதுபவர் தேவைப்படுபவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பது 2018-இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். கையால் எழுத முடியாத நிலை இருந்தும் உதவியாளர் வைத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்த நேரம் உண்டு.

31. எழுதுபவரை ஒருவராக நம்பியிருக்காமல் இரண்டு பேரைத் தயார் செய்து வையுங்கள். நாமே கூட்டிப் போவதென்றால் அவர் படிப்பு நம்மைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். கல்லூரி தருவதென்றால், இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பேசிப் பார்க்க நமக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

32. அந்தச் சந்திப்பில் வெறுமனே கதை பேசாமல், பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து அரைமணி நேரம் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள். ‘பத்தி மாற்று’, ‘அடிக்கோடு’, ‘இரண்டு வரி விடு’ என்று நீங்கள் சொல்லும் சொற்கள் அவருக்குப் பழகிவிடும். எழுதுவது வேகமா நிதானமா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

33. எழுத வருகிற பிள்ளைக்குப் பஸ் செலவும் ஒரு வேளை டிபனும் நம் கணக்கில் இருக்கட்டும். தேர்வு முடிந்ததும் அவர்கள் பெற்றோருக்குப் போன் போட்டு ஒரு நன்றி சொல்லுங்கள். அடுத்த செமஸ்டருக்கு அவர்களே முன்வருவார்கள்.

34. தேர்வறை தரைத்தளத்தில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, முதல் நாள் சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், ஒரு குஷனும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

35. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது, ஆனால் கை நடுங்கி எழுத வரவில்லையா? அப்படிப்பட்டவர்களுக்கும் எழுதுபவர் உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மருத்துவரின் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

போக வர

36. அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் நமக்கும் உடன் வருபவருக்கும் பயணம் இலவசம். கண்டக்டர் கேட்கும்போது பையைத் துழாவாமல் இருக்க, அட்டையைக் கண்ணாடி உறையில் போட்டு வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

37. சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் வீல்சேர் ஏற சாய்தளம் உண்டு. உங்கள் வழித்தடத்தில் அவை வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைத்தால், ஆட்டோ செலவைப் பாதியாகக் குறைக்கலாம்.

38. ரயிலில், துணையின்றிப் போக முடியாத உடல் ஊனமுற்றவர்களுக்கும் முழுப் பார்வையிழந்தவர்களுக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை. ரயில்வே தரும் புகைப்பட அட்டையை ஒருமுறை வாங்கிவிட்டால் ஆன்லைனிலேயே டிக்கெட் எடுக்கலாம், கவுன்டரில் நிற்க வேண்டாம்.

39. கால் பாதிக்கப்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள். மூன்றாம் ஆண்டில் கிடைத்தால் கல்லூரிக்கு ஓட்ட நாளிருக்காது.

கருவிகளும் உடம்பும்

40. ஊன்றுகோலின் அடி ரப்பரை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மொசைக் தரை யாருக்கும் தயவு காட்டாது.

41. காலிப்பரின் முழங்கால் பூட்டு இறுகினால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். நனைந்த தோல் வாரை வெயிலில் போட்டால் வெடித்துவிடும், நிழலில் காற்றாட விடுங்கள். உள்ளே முழங்கால்வரை பருத்தி சாக்ஸ் போட்டால் வியர்வைப் புண் வராது.

42. வீல்சேரின் முன் சக்கரம் சுற்றாமல் இழுக்கிறதா? அச்சில் முடியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய பிளேடால் மெதுவாக அறுத்து, ஊக்கால் இழுத்து எடுத்தால் புது வண்டிபோல ஓடும். பஞ்சருக்குப் பக்கத்து சைக்கிள் கடைக்காரரை முதல் மாதமே பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

43. காதொலிக் கருவியை ராத்திரி ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்; புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டால் ஈரம் உறிஞ்சிவிடும். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும்.

44. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை இரு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். கழிவறை தூரம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள், என் கண்ணுகளா. படுக்கைப் புண்ணோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் ஒரு செமஸ்டரே போய்விடும்.

பணமும் மனசும்

45. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகரித்த கல்லூரியில் டிப்ளமோ, இன்ஜினீயரிங் போன்ற படிப்பில் சேர்ந்தவர்களுக்கு ‘சக்ஷம்’ உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மற்றவர்கள் மாவட்ட நல அலுவலகத்தில் மாநில உதவித்தொகையையும், பார்வையற்றவர்கள் வாசிப்பாளர் உதவித்தொகையையும் விசாரியுங்கள். கல்லூரி ரசீதைக் கையில் வாங்கியதும் உடனே கட்டிவிடாமல், நமக்கு எந்தக் கட்டணம் விலக்கு என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

46. அப்பாவோ அம்மாவோ பழைய முறையில் வருமான வரி கட்டுகிறார்களா? அவர்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய்.

47. உதவ வருபவரிடம் எப்படி உதவ வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லிப் பழகுங்கள். “கையைப் பிடிச்சு இழுக்காதீங்கண்ணா, உங்க முழங்கையை நான் பிடிச்சுக்கிறேன்” என்பான் என் அக்கா மகன்; யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரே தோழியிடம் எல்லா உதவியும் கேட்காமல் நான்கைந்து பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், பாடம் சொல்லித் தருவதோ நோட்டு திருத்துவதோ நம்மால் ஆனதைத் திருப்பிச் செய்யுங்கள். நட்பு பாரமில்லாமல் நாலு வருடமும் ஓடும்.

48. எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், எந்தப் படிக்குக் கைப்பிடி ஆடும், எந்த கிளார்க் பொறுமையாகப் பதில் சொல்வார், எந்த சைக்கிள் கடை ஞாயிறும் திறந்திருக்கும் என்று படிப்பு முடியும்போது உங்களுக்கு அத்தனையும் தெரிந்திருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். பார்வையில்லாதவருக்கும் ஆகும்படி போனில் பேசிப் பதிவு செய்து வார்டனிடமும் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஜூனில் அந்த அறைக்கு வரும் பிள்ளை முதல் நாளே வாளியை எப்படிக் கொண்டுவருவது என்று தெரிந்துகொண்டு, நேரத்தோடு வகுப்புக்குப் போய்விடும்.